தேயாத விளிம்பு

பட்டறைக்கு உடைந்த பாகத்தைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் ஒன்றேதான் சொல்வார்கள்: "இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்க." ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினின் பல்சக்கரமோ, குளச்சல் விசைப்படகின் ஷாஃப்ட்டோ என்றால் அப்படியே செய்து கொடுத்துவிடலாம். கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மோட்டாரும் எஞ்சினும் தம் பலத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். நூறு வருடத்துக் கோபுரக் கடிகாரத்தில் அது நடக்காது. அங்கே ஓட்டுவது ஓர் எடைக்கட்டி மட்டும். அந்த இழுப்பு பல சக்கரங்களைத் தாண்டிப் பெண்டுலத்துக்குப் போய்ச் சேரும்போது விரலால் தடுத்து நிறுத்திவிடலாம், அவ்வளவு மெலிந்திருக்கும். வழியில் ஒரு பல் சரியில்லை என்றாலும் கடிகாரம் நின்றுவிடும். நம் கைக்கு வந்திருப்பதோ தேய்ந்துபோன பாகம். அதை அளந்து அதே அளவில் செய்தால், நூறு வருடத் தேய்மானத்தையும் சேர்த்துப் புதிதாகச் செய்ததாகிவிடும்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்த ஆசான் இதை இரண்டு வரியில் முடித்துவிடுவார். "லேய் மக்கா, தேஞ்சதப் பாத்துச் செஞ்சா தேஞ்சதுதான் வரும். தேயாத எடம் எங்க இருக்குன்னு மொதல்ல தேடு." அவரிடம் நான் கற்ற தொழிலில் பாதி இந்தத் தேடல்தான்.

எங்கள் பட்டறை கோட்டாற்றில் இருக்கிறது. அரிகரில் செய்த மைசூர் கிர்லோஸ்கர் லேத் ஒன்று, ஒரு மில்லிங் மெஷின், டிவைடிங் ஹெட், சாணை, ஒரு சின்ன உலை. சோறு போடுவது மேற்கே ரப்பர் தோட்டங்களும் தெற்கே படகுத்துறைகளும். கடிகார வேலை எப்போதாவதுதான் வரும். வந்தால் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அதை எடுப்பேன். கூலியைப் பார்த்து எடுக்கிற வேலை இல்லை அது.

இந்த மாவட்டத்துக்காரனுக்குக் கோபுரக் கடிகாரம் அந்நியமான பொருளும் இல்லை. நாகர்கோவில் மணிமேடை, திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீ மூலம் திருநாளின் வருகையையொட்டிக் கட்டப்பட்டு 1893-இல் திறக்கப்பட்டது. அதற்குக் கடிகாரம் தந்தவர் லண்டன் மிஷனைச் சேர்ந்த டதி பாதிரியார். பத்மநாபபுரம் அரண்மனையின் மணிமாளிகையிலும் எடைக்கட்டியில் ஓடுகிற கடிகாரம் உண்டு. 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கையில்தான் இருக்கிறது. திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில், மணிக்கொரு முறை ஆட்டுக்கடாக்கள் வந்து முட்டுகிற மேத்தன் மணியைச் செய்தவர் குளத்தூக்காரன் என்ற கைவினைஞர். இந்த மூன்றிலும் நான் கை வைத்ததில்லை. சிறு வயதில் அண்ணாந்து பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது.

நான் கை வைத்தவற்றில் அதிகம் கற்றுத் தந்தது, மணவாளக்குறிச்சிப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கிற ஒரு சர்ச்சின் கடிகாரம். இங்கிலாந்தில் செய்தது. வார்ப்பிரும்புச் சட்டத்தில் இரண்டு பக்கம்: ஒன்று முள்ளை ஓட்டுகிறது, மற்றது மணி அடிக்கிறது. ஃபாதர் என்னைக் கூப்பிட்டபோது அது நின்று பல வருடமாகியிருந்தது. விளக்கொளியில் பார்த்ததும் காரணம் தெரிந்தது. பெண்டுலத்துக்குச் சக்தி தருகிற சக்கரத்தின் எஃகுப் பினியனில், அதாவது அதன் தண்டிலுள்ள சின்னப் பல்சக்கரத்தில், ஒவ்வொரு பல்லிலும் அரத்தால் ராவியதுபோல் பள்ளம். அதை ஓட்டுகிற பித்தளைச் சக்கரத்தின் பற்களில் ஏறக்குறையத் தேய்மானமே இல்லை.

புதிதாகப் பார்க்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். எஃகு கெட்டி, பித்தளை மிருது, ஆனால் தேய்வது எஃகு. பித்தளை மிருதுவாக இருப்பதுதான் காரணம். காற்றில் வருகிற தூசி பித்தளைப் பல்லில் பதிந்து அங்கேயே தங்கிவிடுகிறது. அதன்பின் அந்தச் சக்கரம் உப்புத்தாள் ஒட்டிய சக்கரம். எதிரே இருக்கிற எஃகை நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டே இருக்கும். எந்த ஊர்க் கடிகாரத்திலும் நடப்பதுதான் இது. மணவாளக்குறிச்சியில் இன்னும் கடுமையாக நடக்கிறது, ஏனென்றால் அங்குள்ள மணல் சாதாரண மணல் இல்லை. இல்மனைட், சிர்கான், மோனசைட் இவற்றோடு கார்னெட்டும் கலந்த மணல் அது. மத்திய அரசின் அரிய மண் ஆலை அங்கே இருப்பதே அதற்காகத்தான். கார்னெட் என்பது உப்புத்தாளில் ஒட்டுகிற கல். ஆடிக் காற்று அதன் பொடியைக் கோபுரத்தின் மரச்சட்டங்களுக்கு நடுவே உள்ளே தள்ளுகிறது. அந்தக் கடிகாரத்தின் சக்கரப் பல்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது சிவப்பும் கருப்புமாகத் துகள்கள் பதிந்து கிடந்தன.

இந்த நிலையில் முதலில் யோசிக்க வேண்டியது, பாகம் செய்யாமலே தப்ப முடியுமா என்பதை. பினியன் நீளமாகவும் சக்கரம் ஒடுக்கமாகவும் இருந்தால், சக்கரத்தை அதன் தண்டிலேயே கொஞ்சம் நகர்த்திப் பினியனின் தேயாத பகுதியோடு பல் சேர்த்துவிடலாம். பழைய ஆள்கள் விரும்பிச் செய்த வேலை அது. ஒரு துண்டு உலோகமும் வீணாகாது. வேண்டுமென்றால் பழைய இடத்துக்கே திருப்பிவைக்கலாம். ஆனால் இந்தக் கடிகாரத்தில் எனக்கு முன்பே யாரோ அதைச் செய்திருந்தார். பினியனில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம். மூன்றாவதற்கு இடமில்லை. புதுப் பினியன் செய்துதான் ஆக வேண்டும்.

பினியனில் கை வைக்கும் முன் அது சுழல்கிற துளைகளைச் சரிசெய்ய வேண்டும். துளை கோணலாக இருக்கும்வரை எந்த அளவும் அளவில்லை. தண்டின் முனை சுழல்கிற புஷ் வட்டமாகவே தேய்வதில்லை. இழுப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நீண்டு முட்டை வடிவமாகும். அவசரக்காரர்கள் அந்த முட்டையின் நடுவைப் பிடித்துப் பெரிதாகத் துளைத்து, புதுப் புஷ் அடித்துவிடுவார்கள். அப்போது சக்கரத்தின் மையம் தேய்மானத்தில் பாதி அளவுக்கு நிரந்தரமாக விலகிவிடும். துளையை உற்றுப் பார்த்தால், இழுப்புக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்ன வளைவு முதலில் வெட்டியபடியே மினுங்கும். அதுதான் தேயாத விளிம்பு. டயல் இண்டிகேட்டர் வைத்து அந்த வளைவின் மையத்தைக் கண்டுபிடித்தால், நூறு வருடத்துக்கு முன் அந்தத் தொழிலாளி துளை போட்ட இடம் கிடைத்துவிடும். அந்தக் கடிகாரத்தில் அப்படிக் கண்ட மையம், சட்டத்தின் உட்புறம் மங்கலாகத் தெரிந்த ஒரு பஞ்ச் புள்ளிக் கோட்டோடு அப்படியே ஒத்துப்போனது. அந்தக் கோட்டைப் போட்டவன் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் போட்ட கணக்கு அப்படியே என் கைக்கு வந்தது. என் தொழிலில் நான் மிகவும் மகிழ்ந்த நேரங்களில் அது ஒன்று.

புஷ்ஷுக்குக் கன்மெட்டல் எடுத்துக்கொள்வேன்: நூற்றுக்கு 88 பங்கு செம்பு, 10 வெள்ளீயம், 2 துத்தநாகம். படகுக்கு வார்க்கிற பட்டறையில் வெட்டுத்துண்டாகக் கிடைக்கும். உப்புக் காற்றுக்கு அஞ்சாத உலோகம். பால் பேரிங் போட்டால் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. போடலாம், ஓடும். ஆனால் அதற்குச் சட்டத்தில் பெரிய துளை போட வேண்டும். போட்ட துளையை யாராலும் திரும்ப மூட முடியாது. பேரிங்கின் கிரீஸ் இறுகிப்போன பிறகு வருகிறவனுக்கு அங்கே பழைய மையமும் இருக்காது. நான் அதைச் செய்வதில்லை. புஷ்ஷின் வெளிமுகத்தில் கிண்ணம்போல் ஒரு குழி எடுத்துவிடுவேன், எண்ணெய் அதில் தங்குவதற்காக. எண்ணெய் என்றால் கடிகார எண்ணெய். எங்கள் ஊரில் எதற்கும் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் உண்டு. அது மார்கழிப் பனியில் உறையும், நாளாக நாளாகப் பிசினாகும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். நான் திறந்த பழைய கடிகாரங்களில் பாதிக்குமேல் தேங்காய் எண்ணெயால்தான் நின்றிருந்தன.

இனி பினியன். கடையில் கிடைக்கிற கியர் கட்டர் இன்வொல்யூட் வடிவத்துக்கானது. பழைய கடிகாரப் பற்களின் வளைவு வேறு, சைக்ளாய்டு வழி வந்தது. மற்ற மெஷின்களில் பெரும்பாலும் சின்னச் சக்கரம் பெரியதை ஓட்டும். கடிகாரத்தில் பெரியது சின்னதை ஓட்டுகிறது. அதுவும் 8 பல் மட்டுமே உள்ள பினியனை. 8 பல்லை இன்வொல்யூட்டில் வெட்டினால் பல்லின் அடி குடைந்து மெலிந்துவிடும். அதனால் கட்டரையும் நாமேதான் செய்ய வேண்டும்.

அளவு எடுப்பதிலும் பழக்க தோஷம் குறுக்கே வரும். வெளிவிட்டத்தை அளந்து, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் பல்லின் அளவைச் சொல்கிற மாட்யூல் என்பது ஐ.டி.ஐ. கணக்கு. சைக்ளாய்டுப் பல்லின் தலை உயரம் வேறு என்பதால் அந்தக் கணக்கு இங்கே பொய் சொல்லும். தேய்ந்த பல்லில் இன்னும் பெரிய பொய். நம்பத் தகுந்தது ஒன்றுதான்: இரண்டு தண்டுகளுக்கும் நடுவே உள்ள தூரம். சக்கரத்தில் 120 பல், பினியனில் 8, மையத்திலிருந்து மையம் 128 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாட்யூல் 2. துளையை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். துளை நகர்ந்திருந்தால் இந்தத் தூரமே தவறாகிவிடும். இங்கிலாந்துக் கடிகாரத்தில் கணக்கு இப்படி முழு எண்ணாக விழாது. அவர்கள் மில்லிமீட்டரில் யோசித்தவர்கள் அல்லர். வந்த எண் 2.07 என்றால் 2.07 தான். கட்டர் கையில் இருக்கிறதே என்று அதை 2-க்கு இழுக்கக் கூடாது.

வளைவின் வடிவம் எங்கே கிடைக்கும்? மறுபடியும் தேயாத இடத்தில்தான். பினியனின் கடைசி ஓரத்தில், சக்கரம் ஒருபோதும் தொடாத நூல் அகலத்தில், பல் பிறந்தபடியே இருக்கும். அந்த முகத்தை மெல்லச் சுத்தம்செய்து, கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கிற ஸ்கேனர் கண்ணாடிமேல் நிற்கவைத்துப் படம் எடுத்து, இருபது மடங்கு பெருக்கிக் காகிதத்தில் அச்செடுப்பேன். இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தின் வடிவம்தான் கட்டரின் வடிவம். ஹைஸ்பீடு எஃகுத் துண்டைச் சாணையில் பிடித்து, அச்செடுத்த வடிவத்தோடு பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தீட்ட வேண்டும். ஒற்றைப் பல் கட்டர். மெதுவாகத்தான் வெட்டும், ஆனால் பொய் சொல்லாது.

சில்வர் ஸ்டீல் கம்பியை லேத்தில் கடைந்து, டிவைடிங் ஹெட்டில் பிடிக்க வேண்டும். கைப்பிடியின் 40 சுற்றுக்குப் பாகம் ஒரு முழுச்சுற்று சுற்றும் என்பதால் 8 பல்லுக்கு அதை ஐந்து ஐந்து சுற்றாகச் சுற்றினால் போதும். எண்ணிக்கையில் குழப்பமே வராத பினியன் அது. வெட்டி முடித்ததும் உலையில் செர்ரிச் சிவப்புக்குக் கொண்டுவந்து எண்ணெயில் தோய்ப்பது. கருமை போக மெருகிட்டு, மறுபடி சூடாக்கி நீலம் ஏறும்வரை விடுவது. நீலம் என்றால் ஏறத்தாழ 300 டிகிரி. வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தினால் இன்னும் கெட்டியாக இருக்கும், ஆனால் தண்டு ஒடியும். பிறகு பற்களின் பக்கங்களைக் கட்டைக் குச்சியும் மெருகுப் பொடியும் வைத்து மினுக்க வேண்டும். இந்த மினுக்கலில்தான் பலரும் கஞ்சத்தனம் காட்டுவார்கள். வெட்டுக்கோடு ஒன்று மிஞ்சினாலும் அதில் தூசி தங்கும்.

இத்தனையும் செய்து, பழைய சக்கரத்தை அப்படியே கோத்தால் எல்லாம் வீண். அதன் பல்லில் பதிந்திருக்கிற கார்னெட் சில வருடத்தில் புதுப் பினியனையும் அறுத்துவிடும். பித்தளைத் தூரிகையும் கூராக்கிய ஈர்க்குச்சியும் வைத்து ஒவ்வொரு பல்லாகத் தோண்டி எடுத்தோம். பட்டறையில் நின்ற பையனுக்கு அந்த வேலையின் அருமை அப்போது புரியவில்லை. இப்போது அவனே அடுத்தவர்களுக்குச் சொல்கிறான்.

மணி அடிக்கிற பக்கத்தில் வேறு நோய். ஒரு சக்கரத்தில் இரண்டு பல் போயிருந்தன. ஆரக்காலின் அடியில் மயிரிழை வெடிப்பு. யாரும் அதில் மோதவில்லை, விழவுமில்லை. மேலே வௌவால்கள் இருந்தன, அவ்வளவுதான். வௌவால் எச்சத்திலிருந்து வருகிற அமோனியா, இறுக்கத்தில் இருக்கிற பித்தளையைத் தானாக வெடிக்கவைக்கும். இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் குப்பிகள் இப்படித்தான் வெடித்தன. குதிரை மூத்திரத்து அமோனியாதான் காரணம் என்று 1921-இல் ஆராய்ந்து சொன்னார்கள். பித்தளைப் பாகத்தைப் பளபளப்பாக்க அமோனியா கலந்த திரவம் வாங்கி ஊற்றுகிறவர்களிடம் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்வேன். நான் புளியும் சோப்பும் போட்டு, நன்றாக அலசி, வெயிலில் காயவைப்பதோடு சரி.

பல் போன இடத்தில் அடி அகன்று மேலே குறுகிய பள்ளம் வெட்டி, அதே வடிவில் பித்தளைத் துண்டைச் செருகி, பிறகு பல்லாக ராவ வேண்டும். இந்த நுணுக்க அரவேலைக்கு நான் வடசேரிக்குப் போனேன். கோயில் நகை செய்கிறவர்களின் ஊர் அது; நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே உண்டு. அவர்களிடம் இருக்கிற அரமும் கம்பி ரம்பமும் எந்த மெஷின் பட்டறையிலும் கிடையாது. அங்கே வயதான ஒருவர் சக்கரத்தைக் கையில் வாங்கி, சுண்டிப் பார்த்து, காதருகே பிடித்தார். "இதுக்கு வெங்காரம் வச்சு ஊதப்பிடாது தம்பி. தட்டித் தட்டி எறுக்கின பித்தளையாக்கும். தீ காட்டினா மொத்தமும் எளகிப் போவும். ஈயப் பத்து போதும், பள்ளமே பிடிச்சுக்கிடும்." கடிகாரப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருப்பதை அவர் ஓசையில் கண்டுபிடித்தார். அவர் ராவிய இரண்டு பல்லையும் இன்று தேடினால் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பெண்டுலம் தொங்குகிற மெல்லிய எஃகுத் தகடும் துருவில் விரிசல்விட்டிருந்தது. அதை மாற்றுவது சின்ன வேலை. இன்ச் டேப் வில்லை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு, அது வளைந்த பிறவி, வேண்டாம். தட்டையான ஸ்பிரிங் தகடு வாங்கி, பித்தளைக் கன்னங்களுக்கு நடுவே நேராக இறுக்க வேண்டும். இதில் ஒரு பூகோள விஷயம் இருக்கிறது. பூமியின் ஈர்ப்பு லண்டனைவிட எங்கள் ஊரில் கொஞ்சம் குறைவு. அங்கே சரியாக ஓடிய பெண்டுலம் இங்கே நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குமேல் பின்தங்கும். 1672-இல் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கடிகாரம் கொண்டுபோய்க் கண்ட அதே வித்தியாசம். மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் குறைத்தால் சரியாகும். அதனால் ஆங்கிலப் புத்தகத்தில் போட்டிருக்கிற நீளத்தை நம்பிப் புதுத் தகடு வெட்டக் கூடாது. அந்தக் கடிகாரத்தின் குண்டுக்குக் கீழே உள்ள மரைக் கம்பியில், நட் எந்த மட்டத்தில் நெடுங்காலம் நின்றதோ அங்கே துரு ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டை வைத்தே தகட்டின் நீளத்தைத் தீர்மானித்தேன்.

புது மரை போட வேண்டிய இடங்களிலும், பழைய ஆங்கில மரையான விட்வொர்த்துக்கு விட்வொர்த்தே போடுவேன். 55 டிகிரி மரையில் 60 டிகிரி போல்ட்டை முறுக்கி ஏற்றினால் ஏறும். அடுத்த முறை கழற்றும்போது பழைய மரையையும் உரித்துக்கொண்டு வரும். படகு வேலைக்காக மூன்று நூல், நாலு நூல் டாப் எல்லாம் கோட்டாற்றில் இன்னும் கிடைக்கின்றன.

நான் செய்கிற ஒவ்வொரு பாகத்திலும் கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில் வருடத்தைப் பஞ்ச் அடிப்பேன். பழைய பாகத்தைத் துணிப்பையில் போட்டு, சட்டத்தின் காலிலேயே கட்டிவிடுவேன். ஃபாதர் அந்தப் பையைப் பார்த்து, "இந்தக் குப்பையை ஏன் இங்க வைக்கீங்க?" என்று கேட்டார். நான் செய்தது தவறு என்று ஒருநாள் யாருக்காவது தோன்றினால், அவருக்கு ஆதாரம் வேண்டுமே என்றேன். அவர் அதன்பின் அந்தப் பைக்கு ஒரு தகரப் பெட்டியே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

பல கோபுரங்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டது. சாவி கொடுக்க ஆள் இல்லை என்று உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டு, முள்ளுக்குப் பின்னால் பேட்டரி மோட்டார் வைத்துவிடுகிறார்கள். கழற்றிய சக்கரங்கள் ஆக்கர் கடைக்குக் கிலோக் கணக்கில் போகின்றன. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, மறைக்க மாட்டேன். சாவி கொடுக்க மோட்டார் வேண்டுமென்றால், எடைக்கட்டியை ஏற்றுவதற்கு மட்டும் ஒரு சின்ன மோட்டார் வைத்து, கடிகாரத்தை அப்படியே விட்டுவிடலாம். கழற்றும் முன் ஒரு லேத்காரனிடம் கேட்டிருந்தால் போதும்.

அந்தச் சர்ச் கடிகாரத்துக்குக் கடைசியாகச் செய்தது ஒரு மரக்கூடு. தக்கலையிலிருந்து வந்த தச்சர் அயினிப் பலகையில் கடிகாரத்தைச் சுற்றி அறைபோல் செய்து, கண்ணாடிக் கதவும் வைத்தார். கதவின் ஓரங்களில் கம்பளித் துணி ஒட்டினோம், கோபுரச் சட்டங்களுக்குக் கொசுவலை அடித்தோம். வௌவாலுக்கும் வழி அடைபட்டது. வாரத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்கிற கோயில்பிள்ளைக்கு நான் சொல்லியிருப்பது இரண்டே விஷயம்: சொன்ன துளைகளைத் தவிர வேறெங்கும் எண்ணெய் விடக் கூடாது, ஆடி மாதம் கூட்டின் கதவைத் திறக்கும் முன் அதன் மேலே கிடக்கிற மணலை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். போன ஆடியில் அவர் துடைத்த துணியைக் கொண்டுவந்து காட்டினார், சிவந்து கிடந்தது. பினியனைப் பார்த்தேன். பற்களில் நான் மினுக்கிய மினுக்கு அப்படியே இருந்தது.